டீச்சர் பதில்கள்: மிளகுத் தண்ணீர், சேலத்து நிழல், ஓர் ஊதா டார்ச்

(மதுரை மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது ஒத்தக்கடைவாசி. பழைய விஞ்ஞானிகளைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.)

என் மகள் ஏழாம் வகுப்பு. ‘விஞ்ஞானி, நாடு, கண்டுபிடிப்பு, ஆண்டு’ என்று நாலு கட்டம் போட்டு மனப்பாடம் செய்கிறாள். பரீட்சை முடிந்த மறுநாள் கேட்டால் லீவன்ஹூக் யார், பாஸ்டர் யார் என்று முழிக்கிறாள். என்ன செய்யலாம் டீச்சர்?
– ஒரு தாய், திருமங்கலம்

அந்தக் கட்டத்தில் லீவன்ஹூக்குக்கு நேரே ‘நுண்ணோக்கி’ என்று எழுதியிருப்பாள். முதலில் அதை அழிக்கச் சொல்லுங்கள். அவர் 1632இல் பிறப்பதற்கு முன்பே ஐரோப்பாவில் நுண்ணோக்கி வந்துவிட்டது. அவர் செய்தது வேறு காரியம்.

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் துணிக்கடை வைத்திருந்தவர். கல்லூரிப் படிப்பு கிடையாது. அந்தக் காலத்துப் படிப்பாளிகளின் லத்தீன் மொழியும் தெரியாது. துணி வியாபாரிகள் இழையை எண்ணிப் பார்க்கப் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை. கடுகு மாதிரி சின்னச் சின்னக் கண்ணாடி வில்லைகளைத் தானே செய்தார். உள்ளங்கையில் அடங்கும் உலோகத் தகட்டில் அதைப் பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார். இன்று மிஞ்சியிருப்பவற்றில் சிறந்தது சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. ஒரே ஒரு வில்லை, அவ்வளவுதான்!

அவருக்கு ஒரு சந்தேகம். மிளகு ஏன் உறைக்கிறது? கண்ணுக்குத் தெரியாத முள் ஏதாவது இருந்து நாக்கில் குத்துகிறதோ? கிழக்கே இருந்து கப்பலில் போன மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைப் பார்த்தார். முள்ளைக் காணோம். உயிருள்ள ஏதோ ஆயிரக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்தது. 1676இல் லண்டனில் இருந்த ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சபைக்குக் கடிதம் எழுதினார். அங்கே யாரும் லேசில் நம்பவில்லை. அந்தச் சபையின் ராபர்ட் ஹூக் முயன்று பார்த்தார், முதலில் ஒன்றும் தெரியவில்லை. நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? பாதிரியார் உட்பட ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுப் பார்க்கவைத்து, ‘நாங்களும் கண்டோம்’ என்று எழுதி வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் ஹூக்கும் மிளகுத் தண்ணீரில் அவற்றைக் கண்டு, சபையில் எல்லோருக்கும் காட்டினார்.

இப்போது உங்கள் மகளிடம், “மிளகில் முள் இருக்கிறதா என்று பார்க்கப் போன துணிக்கடைக்காரர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். பரீட்சை முடிந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் சொல்வாள். அவருக்கு என்ன தெரிய வேண்டியிருந்தது, கையில் என்ன இருந்தது, என்ன கண்டார், யார் நம்பவில்லை – இவ்வளவும் சொன்ன பிறகு பெயரையும் ஆண்டையும் சொன்னால் போதும். நான் ஆண்டுக்கு எதிரியில்லை. அது கடைசியில் வரட்டும் என்கிறேன்.

பள்ளி நுண்ணோக்கி பீரோவுக்குள் பூட்டியிருக்கும். பெற்றோர் கூட்டத்தில் கேட்டு வெளியே எடுக்கவையுங்கள். மிளகைவிடச் சுலபம் வைக்கோல். ஒரு பிடி வைக்கோலைக் கண்மாய்த் தண்ணீரில் போட்டு, நிழலில் நாலைந்து நாள் வைத்தால் மேலே ஆடை மாதிரி படியும். அதன் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் குறைந்த பெரிதாக்கத்தில் பாருங்கள். பரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர் செருப்பு வடிவில் ஓடும். பார்த்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பில், எரடோஸ்தனிஸ் நிழலை வைத்துப் பூமியை அளந்த கதையைச் சொன்னேன். “நம்ம ஊர்ல செய்ய முடியுமா மிஸ்?” என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். முடியுமா?
– ஆசிரியை, உசிலம்பட்டி

அந்தப் பையனுக்கு என் கணக்கில் ஒரு கடலை மிட்டாய் வாங்கிக் கொடுங்கள். தாராளமாக முடியும்.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் நூலகத் தலைவராக இருந்தவர் எரடோஸ்தனிஸ். ஆண்டின் மிக நீண்ட பகல் உள்ள நாளில், தெற்கே சையீன் ஊரில் (இன்றைய அஸ்வான்) உச்சிப்பொழுதில் நிழல் விழாது. அதே பொழுதில் அலெக்சாண்டிரியாவில் விழும். அந்த நிழலின் கோணம் முழு வட்டத்தில் 50இல் ஒரு பங்கு. அப்படியென்றால் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரம் பூமியின் சுற்றளவில் 50இல் ஒரு பங்கு. தூரம் 5,000 ஸ்டேடியா, சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா. ஒரு ஸ்டேடியா எவ்வளவு நீளம் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. அதனால் ‘இத்தனை சதவீதம் சரியாகச் சொன்னார்’ என்று அடித்துச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். வழி சரி, அதுதான் பெரிது.

இனி நம் ஊர். மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும்: ஏப்ரல் 16ஐ ஒட்டி ஒரு தடவை, அதாவது சித்திரை பிறந்த இரண்டு மூன்று நாளில், அப்புறம் ஆகஸ்ட் 27ஐ ஒட்டி. ஏப்ரலில் பிள்ளைகள் பரீட்சையிலோ சித்திரைத் திருவிழாக் கூட்டத்திலோ இருப்பார்கள். ஆகஸ்டை வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் 12 மணி இல்லை. 12.17 முதல் 12.19க்குள். நம் கடிகாரம் ஓடுவது கிழக்கே 82.5 டிகிரித் தீர்க்கக் கோட்டின் கணக்கில். நாம் அதற்கு மேற்கே இருப்பதால் நமக்கு உச்சிப்பொழுது 17 நிமிடத்துக்கு மேல் தாமதம். உசிலம்பட்டி இன்னும் கொஞ்சம் மேற்கு என்பதால் ஒரு நிமிடம் கூடப் போகும். இதையே ஒரு பாடவேளை பேசலாம், பையன்கள் மெய்மறந்து கேட்பார்கள்.

கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இரவல் வாங்குங்கள். தரை மட்டமாகவும் கம்பி செங்குத்தாகவும் இல்லாவிட்டால் எல்லாம் பாழ். ஒரு மீட்டர் கம்பி போதும். நிழலின் நுனி மங்கலாகத்தான் விழும், ஏனென்றால் சூரியன் புள்ளி அல்ல, அகலமான வட்டம். அதற்கு ஒரு வழி உண்டு. கம்பியின் நுனியில், சிறு துளை போட்ட அட்டையை ஒட்டிவிடுங்கள். தரையில் சூரியன் ஒரு சின்ன வட்டமாக விழும். அதன் நடுவை அளந்தால் சண்டை வராது.

அடுத்து, கூட்டாளிப் பள்ளி. எல்லோரும் உடனே சென்னைக்குப் போன் போடுவார்கள். வேண்டாம். சென்னை நமக்கு வடகிழக்கு, தூரம் சாய்வாகப் போகும். சேலத்தைப் பிடியுங்கள். வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் தெரியும், சேலம் மதுரைக்கு ஏறக்குறைய நேர் வடக்கு. இரண்டு ஊருக்கும் உச்சிப்பொழுது ஒரே நேரம். நேர்கோட்டில் சுமார் 193 கிலோமீட்டர். பஸ் டிக்கெட்டில் உள்ள தூரத்தை எடுக்காதீர்கள், அது திண்டுக்கல், கரூர் என்று வளைந்து போகிற கணக்கு.

மதுரையில் நிழல் காணாமல் போகும் அந்த நிமிடத்தில், சேலத்தில் ஒரு மீட்டர் கம்பிக்கு 3 செ.மீ. அளவுக்கு நிழல் இருக்கும். எட்டாம் வகுப்புக்கு டேன், சைன் எதுவும் தேவையில்லை. 100 செ.மீ. ஆரம் கொண்ட வட்டத்தின் சுற்றளவு 628 செ.மீ. அதில் 3 எத்தனை தடவை அடங்கும்? 209. அதை 193ஆல் பெருக்குங்கள்: 40,337 கிலோமீட்டர். துருவங்கள் வழியாக அளந்தால் உண்மையான சுற்றளவு ஏறக்குறைய 40,000. சேலத்துப் பிள்ளைகள் 3.2 செ.மீ. என்று அளந்துவிட்டால் விடை 38,000க்குக் கீழே இறங்கும். இறங்கட்டும். ‘இரண்டு மில்லிமீட்டரில் இரண்டாயிரம் கிலோமீட்டர் எங்கே போச்சு?’ என்று கேளுங்கள். அளவீட்டுப் பிழை என்ற பாடம் அங்கேயே நடந்துவிடும்.

அன்றைக்கு மேகம் கவிழ்ந்துவிட்டால் கலங்க வேண்டாம். வேறொரு நாளில் இரண்டு ஊரிலும் அளந்து, அளவுப்படம் வரைந்து கோணங்களைக் கண்டுபிடித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும். உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துத் திருத்தட்டும்.

நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்ததா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.
– வாசகர், கோரிப்பாளையம்

இல்லை.

இன்னும் நாலு வார்த்தைக்கு அனுமதி கொடுங்கள். ஆப்பிள் விழுந்தது, தலையில் இல்லை. இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1726இல், சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டத்தில் உட்கார்ந்து நியூட்டனே ஸ்டூக்லி என்ற நண்பரிடம் சொன்ன செய்தி அது. இளவயதில் கொள்ளைநோய்க்காகக் கேம்பிரிட்ஜை மூடியபோது ஊருக்குப் போயிருந்தார். அங்கே பழம் விழக் கண்டு யோசித்தாராம். ஆனால் பழம் விழுவதை ஆதாம் காலம் முதல் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ‘பழத்தை இழுக்கிற அதே விசை நிலா வரைக்கும் எட்டுமா?’ என்பதுதான் அவருடைய கேள்வி. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுங்கள்: பழம் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் நிலா பழத்தைவிட 60 மடங்கு தொலைவில் இருக்கிறது, ஆகவே விசை 60 × 60, அதாவது 3,600 மடங்கு குறைவு. நிலா ஒரு நொடியில் எவ்வளவு விழும்? 1.4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிலாவின் பாதையை வைத்துக் கணக்கிட்டாலும் இதே விடைதான் வரும். எனக்கு அந்தத் தலைக் காயத்தைவிட இது பிடிக்கும்.

பிப்ரவரி 28 வந்தால் எங்கள் பள்ளியில் சர் சி.வி. ராமன் பேச்சுப் போட்டி. “அவரோடு சேர்ந்து கண்டுபிடித்த கிருஷ்ணன் நம்ம ஊர்க்காரர்” என்று தாத்தா சொல்கிறார். உண்மையா டீச்சர்?
– பிளஸ் ஒன் மாணவன், வத்திராயிருப்பு

தாத்தா சொன்னது முழு உண்மை தம்பி. கே.எஸ். கிருஷ்ணன் 1898இல் உங்கள் வத்திராயிருப்புப் பக்கம்தான் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. கோரிப்பாளையம் வழியாகப் பஸ்ஸில் போகும்போது அந்தச் செங்கல் கட்டடங்களைப் பார்ப்பாயே, அங்கே படித்தவர். பின்னால் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர்.

இனி உன் பேச்சுக்கு விஷயம். ‘திருச்சியில் பிறந்தார், நோபல் பரிசு பெற்றார்’ என்று எல்லோரும் பேசுவார்கள். நீ கடலிலிருந்து ஆரம்பி. 1921இல் ராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகிறார். மத்தியதரைக் கடலின் நீலத்தில் மனிதர் சொக்கிப்போனார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று பெரிய விஞ்ஞானி ராலே சொல்லியிருந்தார். ராமன் சட்டைப்பையில் நிக்கோல் பட்டகம் என்ற ஒரு படிகத் துண்டு இருந்தது. அதை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால் தண்ணீர்மேல் படும் பிரதிபலிப்பை வெட்டிவிடலாம். வெட்டிப் பார்த்தார். நீலம் போகவில்லை, கூடியது. அப்படியானால் தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது.

கல்கத்தா வந்ததும் திரவம் திரவமாகச் சோதனை. 1923இல் கே.ஆர். ராமநாதன் என்ற மாணவர், சிதறிய ஒளியில் வேறு நிறத்தில் மங்கலாக ஒரு ஒளிர்வைக் கண்டார். அழுக்கு ஏதோ கலந்திருக்கிறது என்று நினைத்துத் திரவத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தார்கள். ஒளிர்வு போகவில்லை. 1928 தொடக்கத்தில் கிருஷ்ணன் இந்தச் சோதனையில் இறங்கினார். வெயிலே விளக்கு, ஒரு தொலைநோக்கியின் வில்லை அதைக் குவித்தது. முன்னால் ஒரு ஊதாக் கண்ணாடி, பின்னால் மஞ்சள் கலந்த பச்சைக் கண்ணாடி. முதல் கண்ணாடி விடுகிற ஒளியை இரண்டாவது விடாது. ஆகவே இருட்டாக இருக்க வேண்டும். ஆனால் நடுவில் திரவத்தை வைத்தால் மெல்லிய ஒளித்தடம் தெரிந்தது! ஒளியின் நிறம் மாறிவிட்டது என்று அர்த்தம். சாதாரண ஒளிர்வாக இருக்கக்கூடாதா? அந்த ஒளி முனைவுற்றிருப்பதை, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதை, கிருஷ்ணன் கண்டார். சாதாரண ஒளிர்வு அப்படி இருக்காது. பிப்ரவரி 28இல், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வழியாகப் பார்த்து உறுதியானது. இந்த நிறமாற்றம்தான் ராமன் விளைவு. மார்ச் 31இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரையில் இருவர் பெயரும் உண்டு. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். அது நியாயமா என்ற பட்டிமன்றத்தை மேடையில் நடத்தாதே, நடுவர்கள் நெளிவார்கள். கிருஷ்ணன் செய்த வேலை இன்னது என்று தெளிவாகச் சொல், அதுவே போதும்.

மேடைக்கு ஒரு பாட்டில் கொண்டு போ. சானிடைசரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கலந்து தெளியவை. கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா டார்ச்சை அதில் அடித்தால் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும். முருங்கைக்கீரையை நசுக்கிச் சானிடைசரில் ஊறவைத்து வடித்த சாறு சிவப்பாக ஒளிரும். ‘இது ராமன் விளைவு இல்லை. இதை ராமன் விளைவு என்று தப்பாக நினைத்துவிடாமல் இருக்கத்தான் அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள்’ என்று சொல். டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்காதே. சானிடைசர் பக்கத்தில் தீ கூடாது.

பெண் விஞ்ஞானி என்றால் மேரி கியூரி ஒருவர்தானா? வேறு யாரும் இல்லையா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மேலூர்

நிறையப் பேர் இருக்கிறார்கள் தாயி. உன் வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா? இருந்தால் மரியா சிபில்லா மேரியானிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட்டில் 1647இல் பிறந்தவர். 13 வயதில் பட்டுப்புழு வளர்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் புழுவும் பூச்சியும் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தானாக உண்டாகும் என்று படித்தவர்களே நம்பினார்கள். மேரியான் யாரோடும் வாதாடவில்லை. முட்டை, புழு, கூடு, பூச்சி எல்லாவற்றையும் பார்த்து, அது தின்கிற செடியோடு சேர்த்து ஒரே தாளில் வரைந்தார். 1699இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, இளைய மகளைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். அந்தக் காட்டுப் பூச்சிகளை வரைந்த அவருடைய புத்தகம் 1705இல் வெளிவந்தது.

கறிவேப்பிலை, எலுமிச்சை இலைகளில் காக்கா எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். தட்டிவிடாதே. அது குட்டிப் புழு. வளர்ந்ததும் பச்சையாகும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு நீட்டி நாற்றம் அடிக்கும். காற்று போகிற டப்பாவில் தினமும் புது இலை போட்டு வளர்த்து, தேதி போட்டு வரை. கூடு கட்டிப் பத்துப் பன்னிரண்டு நாளில் வண்ணத்துப்பூச்சியாக வெளியே வருவதைப் பார்த்துவிட்டு, செடி இருந்த இடத்திலேயே விட்டுவிடு. அம்மா கறிவேப்பிலை போச்சே என்று சத்தம் போட்டால் என் பெயரைச் சொல்.

நம் பக்கத்து ஆள் வேண்டுமானால் ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1930களில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் ஒட்டுச்சேர்த்து விதை எடுத்து, அதன் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தவர் அவர்! அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? பாடப்புத்தகத்தில் அவருக்கு நாலு வரிக்கு மேல் இடம் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

விமானம் முதல் அணு வரை எல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்தவைதானே? பிள்ளைகளுக்கு ஏன் வெள்ளைக்காரர் பெயரையே சொல்லித் தருகிறீர்கள்? புறநானூற்றில் ‘வலவன் ஏவா வானவூர்தி’ இல்லையா?
– ஓய்வு பெற்ற அலுவலர், எஸ்.எஸ். காலனி

இருக்கிறது ஐயா, 27ஆம் பாட்டில். புலவர் பாடும் புகழைப் பெற்றவர்கள், ஓட்டுபவன் இல்லாத வான ஊர்தியில் மேலுலகம் போவார்கள் என்கிறது பாட்டு. அருமையான கற்பனை. அதைத் தமிழ் வகுப்பில் ரசித்துப் படிப்போம். அறிவியல் வகுப்பில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: எப்படித் தெரிந்தது, எதை வைத்துச் சரிபார்த்தார்கள்? அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்கிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

நம் ஆரியபட்டர் நிற்கிறார். 499இல், 23 வயதில் எழுதியதில், பூமிதான் சுழல்கிறது என்கிறார். ஓடத்தில் முன்னே போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னே ஓடுவது போலத் தெரிகிறதே, அதுபோல நிற்கும் விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகிறது என்று காரணமும் சொல்கிறார். வைகையில் ஓடம் விடத் தண்ணீருக்கு எங்கே போவது? பிள்ளைகளை ரயிலின் ஜன்னலோரம் உட்காரவைத்தால் இந்த வாதம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். கிரகணம் நிழலால் வருகிறது என்றும் அவர் விளக்கியிருக்கிறார். அப்புறம் நம் ஊர்க் கண்மாய்கள். எந்த மட்டத்தில் மடை வைப்பது, எங்கே கலிங்கு கட்டினால் கரை உடையாமல் மிச்சத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும் என்று கணித்தவர்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை, வேலை மட்டும் நிற்கிறது. இல்லாத விமானத்தை விட்டுவிட்டு இருக்கிற கலிங்கைக் காட்டலாமே ஐயா. வகுப்பை ஒரு நாள் கரைக்கு நடத்திக் கூட்டிப் போனாலே போதும்.

கலீலியோ பார்த்த வியாழனின் நிலாக்களைப் பைனாகுலரில் பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவர், செல்லூர்

முடியும். பத்து மடங்கு பைனாகுலர் போதும், கைதான் ஆடக்கூடாது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். பார்த்ததோடு விடாமல், தினமும் ஒரே நேரத்தில் புள்ளி வைத்து வரையுங்கள். 1610 ஜனவரி 7இல் கலீலியோ மூன்று புள்ளிதான் கண்டார், விண்மீன்கள் என்றே நினைத்தார். மறுநாள் அவை இடம் மாறியிருந்தன. 13ஆம் தேதி நாலாவதும் வந்து சேர்ந்தது. அவை வியாழனைச் சுற்றுகின்றன என்று சொல்லவைத்தது அந்தத் தினசரிப் படங்கள்தான்.

அறிவியல் தினத்துக்கு மாறுவேடப் போட்டி வைத்தால் பத்து ஐன்ஸ்டைன் வந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் பஞ்சுத் தலை. வேறு யோசனை உண்டா?
– தலைமையாசிரியர், அவனியாபுரம்

பஞ்சு விற்கிறவர் பிழைத்துப் போகட்டும், போட்டியை நிறுத்தாதீர்கள். ஒரு விதி மட்டும் சேருங்கள்: வேடம் போட்டவர் அந்த விஞ்ஞானியின் சோதனை ஒன்றைத் தன் கையால் செய்து காட்டவேண்டும். ஐன்ஸ்டைன்கள் உடனே குறைந்துவிடுவார்கள். பிரான்செஸ்கோ ரெடி என்பவர் வருவார். 1668இல், மூடாத ஜாடி இறைச்சியில் மட்டும் புழு வரும், துணி கட்டிய ஜாடியில் வராது, ஈ முட்டையிட்டால்தான் புழு என்று காட்டிய இத்தாலிக்காரர். அந்த ஜாடியை மட்டும் மைதானத்து ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திறக்கவே வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பைக் கொடைக்கானல் சுற்றுலா கூட்டிப் போகிறோம். அங்குள்ள சூரிய ஆய்வகத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? பஸ் வாடகை குறைவாகப் பேச வழி உண்டா?
– ஆசிரியர், வாடிப்பட்டி

மலை ஏறும் முன்பே பஸ்ஸில் ஒரு கேள்வியைப் போடுங்கள்: ‘சூரியனைப் பார்க்க வெள்ளைக்கார அரசு எதற்குப் பணம் செலவழித்தது?’ விடை, தாது வருஷப் பஞ்சம். 1876இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் நம் பக்கத்து ஊர்கள் காலியானதைப் பாட்டிமார் கதையாகச் சொல்லியிருப்பார்கள். மழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்குமோ என்று ஆராயச் சொன்னதன் தொடர்ச்சியாகத்தான் 1899இல் கொடைக்கானல் ஆய்வகம் வந்தது. மலைமேல் தூசி குறைவு, காற்று தெளிவு. 1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தப் படங்களை இன்றும் உலகெங்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிறார்கள்.

1909 ஜனவரியில் எவர்ஷெட் என்பவர் அங்கே சூரியக் கரும்புள்ளி ஒன்றின் நிறமாலையைப் பார்த்தார். கரும்புள்ளியின் ஓரத்தில் நிறமாலையின் கறுப்புக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சற்றே விலகியிருந்தன. ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் நம்மைக் கடக்கும்போது சத்தம் மாறுகிறதே, அதே தத்துவம் ஒளிக்கும் உண்டு. கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று அதிலிருந்து கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்று அதற்கு ‘எவர்ஷெட் விளைவு’ என்றே பெயர். நம் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அந்த இடம். படகுத் துறையில் இரண்டு மணி நேரம் நிற்பவர்கள் இங்கே ஒரு மணி நேரம் நிற்கலாம்.

பள்ளிக்குத் திரும்பியதும் கரும்புள்ளியைப் பார்க்கலாம். பைனாகுலரின் ஒரு குழாயை மூடி, மற்றதைச் சூரியனுக்குக் காட்டி, பின்னால் ஒரு முழம் தள்ளி வெள்ளைத்தாளைப் பிடித்தால் சூரியன் தாளில் விழும். கரும்புள்ளிகள் அன்றைக்கு இருந்தால் கறுப்புப் பொட்டாகத் தெரியும். தாளைத்தான் பார்க்கவேண்டும். பைனாகுலரில் ஒரு பிள்ளைகூடக் கண்ணை வைக்கக்கூடாது, வைத்தால் பார்வை போய்விடும். ஆசிரியர் கையிலேயே பைனாகுலர் இருக்கட்டும்.

பஸ் வாடகை பேச உங்கள் பள்ளி பி.டி. மாஸ்டரை விடச் சரியான ஆள் கிடையாது.